மறதி தலைவிதியா?

நமது நாட்டில் ஒருவனுக்குக் கால் ஒடிந்தால் கட்டுக்கட்டப் போகிறான். பல் வலித்தால் பிடுங்கிக் கொள்ளுகிறான். ஆனால் வயது சென்றவர்களுக்குப் புத்தி தடுமாறினால் மாத்திரம், "வயதானால் அப்படித்தான்" என்கிறோம்; அல்லது "தலையெழுத்து" என்கிறோம்; அல்லது "காற்றுச் சேட்டை" என்று தாயத்துக் கட்டுகிறோம். இம்மூன்றும் ஒன்றேதான். அதாவது, யோசிக்கச் சோம்பல்பட்டுக் கொண்டு, பழியை வேறெதன் தலையிலாவது போட்டுவிடுவதுதான்.

என் பெரியம்மா செய்யாற்றங்கரையிலுள்ள எங்கள் மாகறலிலேயே பிறந்து, மாகறலிலேயே வாழ்க்கைப்பட்டவர். எழுபது வயதுக்குமேல் குழம்பில் இரண்டுதரம் உப்புப் போட ஆரம்பித்தார். பிறகு, கடைக்குப் போனவர் வீட்டுக்கு வழி தெரியாமல் தெருவில் நின்றார். பிறகு, செத்துப் போன புருஷன் சாப்பிட வந்தாரா என்று கேட்டார். உறவினர் குறி கேட்டார்கள்; கோழி அறுத்தார்கள்; கையிலும் இடுப்பிலும் கயிறு கட்டினார்கள். இரண்டு வருஷமும், ஒரு கறவைமாட்டின் விலையும் போயிற்று. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "இரத்தக் கொதிப்பை எத்தனை வருஷமாய்ப் பார்க்காமல் விட்டீர்கள்?" என்பதுதான். பதில் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

நிற்க, இந்த மறதி நோய், அதாவது டிமென்ஷியா என்பது என்ன? 1906-இல் ஜெர்மனியில் ஆல்சைமர் என்னும் டாக்டர், இவ்வித நோயால் இறந்து போன ஒரு பெண்ணின் மூளையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். அதில் கசடு படிந்திருப்பதையும், நரம்பணுக்களுக்குள் இழைகள் சிக்குப்பட்டிருப்பதையும் கண்டார். பேயை மாத்திரம் காணவில்லை! மூளைக்குப் போகும் சிறு இரத்தக் குழாய்கள் அடைபட்டும் இந்நோய் வருவதுண்டு. பாவில் சிக்கு விழுந்தால் காஞ்சிபுரத்து நெசவாளி எவனாவது பூசாரியைக் கூப்பிடுகிறானா?

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 7 பேருக்குமேல், அதாவது சுமார் 88 இலட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஆராய்ச்சிக் கணக்கு சொல்லுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். பட்டணத்தைவிடக் கிராமத்தில் அதிகம். படித்தவர்களைவிடப் படியாதவர்களுக்கு அதிகம். தலையெழுத்தை எழுதுகிறவன் பெண்ணையும், கிராமத்தானையும், படியாதவனையும் தேடிப் பிடித்து எழுதுவானேன் என்று கேட்கின்றோம்.

'லான்செட்' என்னும் வைத்தியப் பத்திரிகை அமைத்த நிபுணர் குழு 2024-இல் பதினான்கு காரணங்களை எடுத்துக் காட்டியிருக்கிறது. படிப்பின்மை, காது கேளாமை, கண் பார்வைக் குறைவு, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, இரத்தக் கொழுப்பு, உடற்பருமன், புகை, குடி, தலையில் அடி, அசுத்தக் காற்று, மனச்சோர்வு, தனிமை, உடலுழைப்பின்மை என்பவையே அவை. இவை அடியோடு ஒழிந்தால் 100-க்கு 45 பேருக்கு இந்நோயைத் தடுக்கவோ தள்ளிப் போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. மீதிப் பேருக்கு வயதும், பரம்பரையும், இன்னும் விளங்காத காரணங்களும் இருக்கின்றன. ஆகவே, நடந்தவர்களுக்கெல்லாம் வராது என்று நான் சொன்னால் நானும் ஒரு குறிகாரனாகி விடுவேன்.

ஆனால், நடையின் பலனை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 120 முதியவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவாரை வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 40 நிமிஷம் வேகமாய் நடக்கச் செய்தார்கள். மற்றவர்களுக்குக் கைகால் நீட்டி மடக்கும் பயிற்சி மாத்திரம். ஒரு வருஷம் கழித்து, நினைவுக்கு இருப்பிடமான ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப்பகுதி நடந்தவர்களுக்கு 100-க்கு 2 பங்கு வளர்ந்திருந்தது, மற்றவர்களுக்குச் சுருங்கியிருந்தது. இது 2011-இல் வெளியான சங்கதி. மூளை உடலின் எடையில் 100-க்கு 2 பங்குதான். உடல் வாங்கும் பிராணவாயுவிலோ 100-க்கு 20 பங்கை அதுவே தின்கிறது. இரத்த ஓட்டம் கெட்டால் முதலில் பட்டினி கிடப்பது எது என்று சொல்லவும் வேண்டுமா?

"காலையிலிருந்து இரவுவரை குழித்தறியில் காலால் மிதித்துக் கையால் இழுக்கிறோமே, எங்களுக்கென்ன தேகப்பயிற்சி?" என்று நெசவுத் தோழர்கள் கேட்கலாம். உழைப்பு உழைப்புதான்; மறுக்கவில்லை. ஆனால், முதுகு கூனி ஒரே இடத்தில் பத்து மணி நேரம் உட்கார்ந்திருப்பது, மூச்சு சற்று வாங்க வீசி நடப்பதற்கு ஈடாகாது. நாளுக்கு அரைமணி வீதம் வாரத்துக்கு ஐந்து நாள் போதும், காசு செலவில்லை.

"இதற்காகத்தான் நம் முன்னோர் பிரதட்சணம் வைத்தார்கள்" என்று உடனே ஒருவர் கிளம்புவார். பேஷ், நன்றாய்ச் சுற்றட்டும்! பலன் நடையில் இருக்கிறதேயொழிய நடுவிலுள்ள கல்லில் இல்லை. செய்யாற்றங்கரையில் நடந்தாலும் அதே பலன்தான்.

இனி, முக்கியமான விஷயத்திற்கு வருகிறேன். என் பெரியம்மாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. "பெண்ணுக்கெதற்குப் படிப்பு" என்றார்கள். முப்பத்தைந்தாவது வயதில் தாலி அறுத்துப் பின்கட்டில் உட்கார வைத்தார்கள். நல்ல காரியத்துக்கு எதிரில் வரக்கூடாதென்றார்கள். காது மந்தமானபின் பேசுவாரும் இல்லை. அவருக்கு இவற்றால்தான் நோய் வந்தது என்று நான் சாதிக்கவில்லை. ஒருவர் விஷயத்தில் அப்படிச் சொல்ல டாக்டராலும் முடியாது. ஆனால், நிபுணர்கள் சொன்ன பதினான்கில் படிப்பின்மை, தனிமை, காது கேளாமை, இரத்தக் கொதிப்பு ஆகிய நான்கை நாங்களே கூடி அவர் தலையில் ஏற்றியிருந்தோம். பிறகு கயிறு கட்டினோம்! இதைவிட வெட்கக்கேடு உண்டா?

ஆதலால் தோழர்களே! பெண்களைப் படிக்க வையுங்கள். விதவையையும் கிழவியையும் மூலையிலிருந்து திண்ணைக்குக் கொண்டு வாருங்கள், பேசுங்கள், கூட அழைத்துக்கொண்டு நடவுங்கள். காது கேளாதவருக்குக் கருவியும், கண் மங்கியவருக்குக் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள். பீடியையும் சாராயத்தையும் விட்டொழியுங்கள். நாற்பது வயதானவுடன் இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் சோதித்துக் கொள்ளுங்கள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகாதாரப் பணியாளர்களே வீடுதேடி வருகிறார்கள். மூளைக்கு டானிக்கென்று விற்பவனிடமும், தாயத்து விற்பவனிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "எத்தனை பேருக்குக் கொடுத்து, எத்தனை பேருக்குக் குணமாயிற்று? கணக்கைக் காட்டு!"

கணக்கு இல்லையென்றால், அந்தப் பணத்தில் அம்மாவுக்கு நல்ல செருப்பு ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள். நடக்க உதவும்.