ஒட்டிச் செய்யும் விமானமும் நம் கொலுவும்

நவராத்திரி வந்துவிட்டால் நம் சங்கத்துக் குடும்பங்களில் கொலுப் படிகள் எழும்பிவிடுகின்றன. கடல் கடந்து வந்த பிறகும் இந்த வழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறோம் என்பதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் வீடு வீடாகச் சுண்டல் வாங்கிக்கொண்டு போகும்போது என் கண் படிகளைவிட, கீழே ஓரத்தில் இருக்கும் 'பார்க்'கின் மீதுதான் போகும். ஊரில் அந்தப் பார்க் முழுக்கப் பிள்ளைகளின் ராஜ்யம். கேழ்வரகும் கடுகும் தூவிப் புல்வெளி முளைக்கவைப்பார்கள். உடைந்த கண்ணாடித் துண்டு குளமாகும். செங்கல் பொடியில் சாலை போட்டு, தீப்பெட்டியில் பஸ் செய்து விடுவார்கள். கூரையிலிருந்து நூலில் ஒரு காகித விமானமும் தொங்கும். இங்கே நாம் வைக்கும் பார்க்கிலும் காரும் விமானமும் இருக்கின்றன. எல்லாம் கடையில் வாங்கி, உறையைக் கிழித்து, அப்படியே வைத்தவை. பிள்ளையின் கை அவற்றில் படவே இல்லை.

இந்தக் குறையைத் தீர்க்க நம் கைக்கு எட்டும் தூரத்திலேயே ஒரு வழி இருக்கிறது. உறுப்பு உறுப்பாக ஒட்டி, வண்ணம் பூசிச் செய்யும் பிளாஸ்டிக் மாடல் கார்களையும் விமானங்களையும்தான் சொல்கிறேன். நம்மவர்கள் இவற்றைப் பொம்மைக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். "இவ்வளவு பெரிய பையன் இன்னும் பொம்மை வைத்து விளையாடுகிறானே" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இந்திய அரசின் சுங்கப் பட்டியலும் அதையேதான் சொல்கிறது. இரண்டு பேரோடும் எனக்குச் சண்டை உண்டு.

முதலில், பழக்கமில்லாதவர்களுக்காக இந்தக் கிட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பெட்டியைத் திறந்தால் விமானம் இருக்காது. வேப்பங்கொத்துப் போல ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் இறக்கை, வால், சக்கரம், விமானியின் இருக்கை என்று ஐம்பது அறுபது துண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்து, பிசிறு சீவி, படம் பார்த்து ஒட்ட வேண்டும். இதற்கென்று உள்ள பசை கோந்து மாதிரி நடுவில் நின்று பிடிப்பதில்லை. பிளாஸ்டிக்கையே கொஞ்சம் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிடும். பிறகு இணைப்பில் தெரியும் கோட்டை அடைத்துத் தேய்க்க வேண்டும், வண்ணம் பூச வேண்டும், நீரில் ஊறவைத்து நழுவவிடும் சின்னங்களை ஒட்ட வேண்டும். அவசரக்காரனுக்கு இது ஆகாது.

இதில் உயிர்நாடி அளவுதான். நம் கொலுவில் செட்டியார் பொம்மை பக்கத்தில் நிற்கும் பஸ்ஸைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்ளும் பருமனில் இருப்பார், யாரும் கேட்பதில்லை. மாடலில் அது நடக்காது. விமானங்களுக்குப் பிரபலமான அளவு 72இல் ஒரு பங்கு. ஆறடி மனிதன் என்றால் 72 அங்குலம். மாடலில் அவன் சரியாக ஓரங்குலம். கார்களுக்கு 24இல் ஒரு பங்கு வழக்கம், அதாவது நிஜத்தின் ஓரடி மாடலில் அரை அங்குலம். வாய்ப்பாடு கசக்கிற பிள்ளைக்குக்கூட இந்த வகுத்தல் இனிக்கிறது. இதை நான் கண்ணால் பார்த்தேன்.

பார்த்தது எங்கள் வடமாலபேட்டையில். ஊர் தெரியாதவர்களுக்கு: எலும்பு முறிவுக் கட்டுக்குப் பேர்போன புத்தூருக்கும் ரேணிகுண்டாவுக்கும் நடுவில், சென்னையிலிருந்து திருப்பதி போகும் சாலையில் இருக்கிறது. முன்பு சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி மாவட்டம். திருமலைக்குப் போகும் கார்களைச் சாலையில் பார்த்துக்கொண்டும், ரேணிகுண்டாவில் இறங்கும் விமானங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டும் வளர்கிற பிள்ளைகள் அங்கே நிறைய. என் அக்காள் மகன் அவர்களில் ஒருவன். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, எட்டாம் வகுப்பில் ஆங்கிலம். போனமுறை ஊருக்குப் போனபோது அவனுக்குச் சாக்லேட்டுக்குப் பதிலாக ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் ஃபாலண்ட் நாட் விமானக் கிட் ஒன்றை வாங்கிப் போயிருந்தேன். சிறிய விமானம். இரண்டு இருக்கை கொண்ட பயிற்சி வகையின் இறக்கை அகலம் நிஜத்தில் 24 அடி. பையன் பெட்டியைத் திறக்கும் முன்பே 288 அங்குலத்தை 72ஆல் வகுத்து, "நாலு அங்குலம் மாமா" என்றான். இறக்கைகளை வைத்துப் பார்த்தான், சரியாக இருந்தது. அந்த முகத்தை அவனுடைய கணக்கு வாத்தியார் பார்த்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் வெளிநாட்டுச் சாமான்கள் வேண்டுமே என்று நினைப்பவர்களுக்கு அடுத்த ஒரு வாரத்தில் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். துண்டுகளை நறுக்க அக்காளின் நகவெட்டி போதுமாக இருந்தது. மூன்று சக்கரத்தில் நிற்கும் விமானத்துக்கு மூக்கினுள் கனம் வைக்காவிட்டால் வால் தரையில் உட்கார்ந்துவிடும். சைக்கிள் கடையிலிருந்து சின்ன இரும்புக் குண்டுகள் நாலைந்து கேட்டு வாங்கி உள்ளே ஒட்டினான். இணைப்புக் கோட்டை அடைக்க, கார் டிங்கரிங் பட்டறையில் கேட்டதும் ஒரு டப்பா மூடியில் என்.சி. பட்டி வழித்துக் கொடுத்தார்கள், கூடவே நைசான வாட்டர் பேப்பரும். அந்தப் பட்டறைக்காரர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, "பட்டி காயட்டும், தண்ணி தொட்டுத் தேய்" என்று சொல்லிப் போனார். பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடித்து, பிறகுதான் வண்ணம் என்கிற வரிசை அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நாலு அங்குல விமானத்துக்கும் பதினாறு அடி காருக்கும் வேலை ஒன்றுதான். விமானி அமரும் கண்ணாடி மூடிக்கு மட்டும் ஃபெவிக்விக் வைக்கக் கூடாது, ஆவி படிந்து வெள்ளை பூத்துவிடும். அதற்கு நம் வெள்ளை ஃபெவிக்கால்தான் சரி. காய்ந்தால் கண்ணாடியாகத் தெளிந்துவிடும். மேல்நாட்டு மாடல்காரர்களும் இதே வகைப் பசையைத்தான் மூடிக்கு வைக்கிறார்கள். நடுவில் ஒரு சக்கரத் தண்டு ஒடிந்தது. ஊசிக் கம்பி செருகி ஒட்டினோம். புத்தூருக்குப் பக்கத்து ஊரில் அது ஒரு பிரச்சினையா!

விமானம் முடிந்ததும் பையன் கேட்ட கேள்விதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. "இது பிரிட்டிஷ் விமானம். நம்ம செகோன் ஓட்டினது எங்கே?" 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் விமானத் தளத்தைக் காக்க ஒரு நாட் விமானத்தில் எழும்பி, ஆறு சேபர் விமானங்களை எதிர்த்துச் சண்டையிட்டு உயிர் விட்ட நிர்மல் ஜித் சிங் செகோனைப் பற்றிப் பள்ளியில் படித்திருக்கிறான். விமானப் படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவர்தான். அவர் ஓட்டியது ஒற்றை இருக்கை நாட். பெங்களூர் எச்.ஏ.எல். தொழிற்சாலையில் அந்த வகையைக் கட்டினார்கள். பின்னர் அதையே மேம்படுத்தி அஜீத் என்ற பெயரில் செய்தார்கள். அந்த அஜீத்தை 72இல் ஒரு பங்கு கிட்டாகப் போட்டது எந்த நாடு தெரியுமா? செக் நாடு. ஸ்பெஷல் ஹாபி என்கிற கம்பெனி. பெங்களூரில் பிறந்த விமானத்தின் மாடலை ஐரோப்பாவின் நடுவிலிருந்து வரவழைத்துத்தான் வடமாலபேட்டைப் பையன் செய்ய வேண்டும்.

வரவழைத்தால் என்ன விலை? இங்கேதான் சுங்கப் பட்டியல் குறுக்கே வருகிறது. 9503 என்ற ஒரே தலைப்பின் கீழ் மூன்று சக்கர சைக்கிள், பொம்மை, புதிர் விளையாட்டு, அளவு மாடல் எல்லாம் ஒன்றாக அடங்கியிருக்கின்றன. இந்தத் தலைப்புக்கான இறக்குமதி வரியை 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள். 2023 வரவு செலவுத் திட்டத்தில் அது 70 ஆயிற்று. நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. தரம் கெட்ட மலிவுப் பொம்மைகள் வந்து குவிந்ததைத் தடுக்க வேண்டியிருந்தது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானதும் நல்லதே; குழந்தை வாயில் வைக்கும் பொருளில் நஞ்சு இருக்கக் கூடாது. ஆனால் உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காக்க எழுப்பிய சுவர், உள்நாட்டில் அநேகமாக யாரும் போட்டிக்கு இல்லாத ஒரு பொருளின் மேலும் விழுந்திருக்கிறது. மாடல் கிட்டை இந்தத் தலைப்பிலிருந்து பிரித்து, கல்விச் சாதனமாகக் கருதித் தனி விகிதம் வைக்க வேண்டும். இது ஒன்றும் சலுகைப் பிச்சை இல்லை.

வேடிக்கை என்னவென்றால், 2010க்குப் பிறகு வந்த ஏர்ஃபிக்ஸ் பெட்டிகள் பலவற்றில் 'இந்தியாவில் தயாரிக்கப்பட்டது' என்று அச்சிட்டிருக்கிறது. அச்சு வார்க்கும் திறமை நம்மிடம் இருக்கிறது என்று அந்தப் பெட்டியே சாட்சி சொல்கிறது. ஆனால் அதன் உள்ளே இருப்பது ஸ்பிட்ஃபயர். அம்பாசடர் கார் எங்கே? 1961இல் பெங்களூரில் பறந்த மாருத் எங்கே?

இது பொம்மைதான் என்று இன்னும் பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1942இல் அமெரிக்கக் கடற்படை, தன் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஐந்து லட்சம் விமான மாடல்கள் செய்து தரும்படி கேட்டது. எல்லாம் மரத்தில், 72இல் ஒரு பங்கு அளவில். எதிரி விமானம் எது, தன் விமானம் எது என்று வீரர்கள் உருவத்தை வைத்துக் கண்டுகொள்ளப் பழகுவதற்காக. நம் தேசிய மாணவர் படையிலும் விமானப் பிரிவினருக்கு விமான மாடல் போட்டியும் கடற்படைப் பிரிவினருக்குக் கப்பல் மாடல் போட்டியும் அகில இந்திய முகாம்களில் நடக்கின்றன. பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகத்தில் விமானத்தையும் ராக்கெட்டையும் காற்றுச் சுரங்கத்தில் சோதிப்பது சின்ன மாடலாகச் செய்து வைத்துத்தான்.

போர் விமானம் செய்தால் பிள்ளை சண்டை மோகம் கொள்வானே என்று ஒரு நண்பர் கேட்டார். கையில் துப்பாக்கிப் பொம்மை கொடுக்கும்போது இந்தக் கவலை யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை. அந்தப் பயம் இருந்தால் கார் செய்யட்டும், பயணி விமானம் செய்யட்டும். பிளாஸ்டிக் பூமிக்குக் கேடு என்ற பேச்சில் உண்மை இருக்கிறது. ஆனால் மாடலை யாரும் ஒரு வாரத்தில் குப்பையில் போடுவதில்லை. செய்தவன் வீடு மாறும்போது முதலில் அதைத்தான் பஞ்சில் சுற்றுவான். விலைதான் நியாயமான ஆட்சேபம். அதற்குப் பதிலைத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இளைஞர்களே கண்டுவிட்டார்கள். ஃபோம் ஷீட்டிலும் அட்டையிலும் அரசுப் பேருந்தையும் லாரியையும் அளவு பிசகாமல் செய்கிறார்கள். வைப்பரும் படிக்கட்டும் ஊர்ப் பெயர்ப் பலகையும் அப்படியே. இவர்களுக்குக் கிட் வாங்கிக் கொடுக்க ஆளில்லை. கிட்டே இல்லாமல் செய்கிறார்கள்.

ஜப்பானில் ஷிசுவோகா நகரத்துத் தமியா கம்பெனியும் 1946இல் மரக்கடையாகத்தான் தொடங்கியது. 1951இல் ஆலை எரிந்துபோனது. பிறகு மரத்தில் மாடல் செய்தார்கள். வெளிநாட்டுப் பிளாஸ்டிக் மாடல்கள் வந்து மரத்தை ஓரங்கட்டியதும் 1960இல் தாங்களும் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். இன்று ஷிசுவோகா என்றாலே உலகத்து மாடல்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். எங்கள் மாவட்டத்திலும் ஏர்ப்பேட்டுக்கு அருகே மாதவமாலாவில் மரச் சிற்பம் செதுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. திருப்பதி மரப்பாச்சி இல்லாத கொலு உண்டா? உளி பிடித்த கைக்கு அச்சு வெட்டவும் வரும். அந்தத் திறமையை யாராவது முதல் போட்டு அழைத்தால் ஒரு அம்பாசடர் கிட் வெளிவராமலா போகும்!

அரசாங்கத்திடம் கேட்பது ஒரு பக்கம் இருக்கட்டும். சங்கத்திடம் நான் கேட்பது இரண்டே. அடுத்த நவராத்திரிக் கொலுப் போட்டியில், பிள்ளைகள் தம் கையால் செய்த பார்க்குக்குத் தனிப் பரிசு வையுங்கள். அதில் காரோ விமானமோ தீப்பெட்டி பஸ்ஸோ, செய்ததாக இருக்க வேண்டும், வாங்கியதாக இருக்கக் கூடாது. இரண்டாவது, கோடை விடுமுறையில் தமிழ் வகுப்பு நடக்கும் அறையில் சனிக்கிழமை மாலை ஒரு மேஜை போடுங்கள். ஆறு பிள்ளைகள், ஆறு கிட்டுகள், பொறுமையுள்ள ஒரு பெரியவர் போதும். மேஜையைச் சுற்றிப் பேச்சு தமிழில் நடக்கட்டும். இறக்கை, வால், அச்சு, உலர்ந்ததா, ஒட்டியதா என்று சொற்கள் தாமாக வாயில் ஏறும்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கிட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகலாம். ஆனால் கரைப்பான் கலந்த மாடல் பசையும் ஸ்ப்ரே பெயின்ட்டும் தீப்பற்றும் பொருள்கள் என்பதால் விமானத்தில் விட மாட்டார்கள். முதல்முறை செய்யும் பிள்ளைக்குப் பசையே இல்லாமல் அழுத்திப் பொருத்தும் கிட் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். வண்ணத்துக்கு ஊர்க் கடைகளில் கிடைக்கும் அக்ரிலிக் போதும். சின்னம் ஒட்டும் முன் மேற்பரப்பு பளபளப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பின் மீது ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி மினுக்கும். ஒட்டிக் காய்ந்த பிறகு மங்கலான வார்னிஷ் பூசிக்கொள்ளலாம்.