திருப்புமுனையில் விழித்திருப்போம்!

பால் மரத்தில் முதல் கோடு போடுவது எத்தகைய பொறுப்பான வேலை என்பதை நம் தொழிலாளர்கள் அறிவார்கள். கோடு கோணலானால் அதைத் தொடர்ந்து வரும் வெட்டெல்லாம் கோணலே. கத்தி ஆழமாகப் பாய்ந்து மரம் காயப்பட்டால், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகவே வளரும். ஒரு நொடியில் செய்தது பல ஆண்டுகள் நிற்கும்.

நாடுகளின் அரசியலிலும் இத்தகைய வேளை உண்டு. அரசியல் ஆய்வாளர்கள் அதைத் திருப்புமுனை என்கிறார்கள். பரபரப்பான நிகழ்ச்சி எல்லாம் திருப்புமுனை ஆகிவிடாது. பல வழிகள் திறந்து கிடக்கும்போது ஒன்று தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். தேர்ந்ததற்கான காரணம் மறைந்த பின்னும் அதன் விளைவு நிலைத்திருக்க வேண்டும். அதுவே திருப்புமுனை.

ரூத் பெரின்ஸ் காலியர், டேவிட் காலியர் ஆகிய இருவரும் 1991ல் வெளியிட்ட நூலில் இலத்தீன் அமெரிக்காவின் 8 நாடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்நாடுகளின் போக்கை நிர்ணயித்தது எது? தொழிலாளர் இயக்கத்தை அரசாங்கம் முதன்முதலில் எந்த விதத்தில் ஏற்றுக்கொண்டது என்பதே என்றார்கள்! பிரேசிலில் வர்காஸ் ஆட்சி சங்கங்களைத் தொழில் அமைச்சின் பிடிக்குள் வைத்தது. ஆண்டுக்கு ஒருநாள் சம்பளம் கட்டாயச் சங்க வரியாகப் பிடிக்கப்பட்டது. வர்காஸ் 1954ல் மறைந்தார். அந்தக் கட்டாயமோ 2017 வரை மறையவில்லை. மெக்சிகோவில் கார்டெனாஸ் 1938ல் தொழிலாளரை ஆளுங்கட்சியின் ஒரு தூணாகவே ஆக்கினார். சலுகைகள் கிடைத்தன, சங்கத்தின் சுதந்திரம் குறைந்தது. அக்கட்சி 2000 வரை ஆண்டது.

நம் நாட்டின் கதை என்ன? 1941ல் கிள்ளான் தோட்டங்களில் நம்மவர் கூலி உயர்வு கேட்டதோடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் இழிவையும் ஒழிக்கக் கேட்டார்கள். பட்டாளம் வந்தது, உயிர்கள் பலியாயின. போர் முடிந்ததும் 1945 முதல் பல வழிகள் திறந்தன. இனபேதமின்றிச் சங்கங்கள் ஒரே சம்மேளனத்தில் கூடின. 1948ல் அவசரகாலம் பிறப்பிக்கப்படுமுன்பே தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தி, வெவ்வேறு தொழிலாளர் ஒரு சம்மேளனத்தில் சேரும் வழியை அடைத்துவிட்டார்கள். சம்மேளனத் தலைவர் கணபதி 1949ல் தூக்கிலிடப்பட்டார். 1954ல் உருவான தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் இந்த வேலிக்குள்தான் வளர்ந்தது. அவசரகாலம் 1960ல் முடிந்தது, வேலி முடியவில்லை. 1959ம் ஆண்டுச் சட்டம் அதைக் காத்து நின்றது. தொழில்வாரித் தடையை நீக்கிய திருத்தம் அமலுக்கு வந்தது 2024ல்! 76 ஆண்டுகள்!

இப்போது வழி மறுபடியும் திறந்திருக்கிறது. ஆனால் எச்சரிக்கை வேண்டும். தோட்டத் தொழிலாளியும் ஆலைத் தொழிலாளியும் ஒன்றுகூட இடம் தரும் அதே சட்டம், ஒரே இடத்தில் பல சங்கங்கள் முளைத்து நம்மைக் கூறுபோடவும் இடம் தருகிறது. பால் வெட்டுபவர் ஒரு பக்கம், கிராணிமார் ஒரு பக்கம், இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து உழைப்பவர் இன்னொரு பக்கம் என நின்றால் லாபம் யாருக்கு?

1948ல் கோடு போட்டவர்கள் நாமல்லர். அதன் காயத்தைச் சுமந்தவர்கள் நாம். இம்முறை கத்தி நம் கையிலும் இருக்கிறது. தோழர்களே, சங்கக் கூட்டத்திற்கு வாருங்கள்! பக்கத்து லயத்துத் தொழிலாளியையும், அவர் எந்நாட்டவராயினும், உடன் அழைத்து வாருங்கள்! முதல் கோட்டை நேராகப் போடுவோம்.