கிணற்றுக்குக் கீழே இருப்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டுவோம்



கணினியில் முப்பரிமாண உலகம் ஒன்றை உருவாக்கிப் புவியியல் படிப்பிக்கலாம் என்று ஆசிரியர்கள் நாங்கள் சொன்னால் இரண்டு பதில் வருகிறது. "பிள்ளையள் ஏற்கனவே போனோடதான் கிடக்குதுகள், வகுப்பிலயும் கேமோ?" என்பது ஒன்று. "கடல் பக்கத்திலதானே, கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோவன்" என்பது மற்றது.

இரண்டாவது நியாயமான கேள்வி. காணக்கூடியதை நேரில்தான் காட்ட வேண்டும். நெடுந்தீவின் முருகைக்கல் மதிலைத் தொட்டுப் பார்க்கத் திரை எதற்கு? ஆனால் காண முடியாததை எங்கே கூட்டிப்போய்க் காட்டுவது?

எங்கள் தீவுகளில் ஆறு இல்லை. மாரி மழை மணலுக்குள்ளும் சுண்ணக்கல் வெடிப்புக்குள்ளும் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது என்பதால்தான் அது மேலே நிற்கிறது. நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீற்றர் நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. திருப்பிப் பாருங்கள். மோட்டர் போட்டு இறைத்து நீர்மட்டத்தை ஒரு சாண் இறக்கினால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்பு நாற்பது சாண் ஏறும்.

இதைப் பிள்ளைகள் தட்டையான படமாகக் கீறி, பாடமாக்கி, புள்ளி எடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்து மோட்டரைப் போட்டுவிட்டு மறந்துபோகிறார்கள். கீறிய படம் தங்கள் கிணறுதான் என்று அவர்களுக்கு விளங்கவில்லை.

முப்பரிமாண மாதிரியில் அவர்களே கிணறு வெட்டலாம், மழையைக் குறைக்கலாம், அளவுக்கு மிஞ்சி இறைத்து உப்பு ஏறுவதைப் பார்க்கலாம். உண்மைக் கிணற்றில் இதைச் செய்துபார்க்க ஏலாது. ஒருமுறை உவரானால் பழையபடி திரும்ப எத்தனை மாரி வேண்டுமோ! ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை அன்று நடந்து கடக்கும் தரை. குறிகட்டுவானில் வள்ளத்துக்கு நிற்கும் பிள்ளைக்கு அதையும் காட்டலாம்.

கேம் என்று இளக்காரமாகப் பேசுவோருக்கு ஒன்று. பிரித்தானியப் புவிச்சரிதவியல் ஆய்வு நிறுவனம் 2014 இல் தன் நாட்டின் பாறை வரைபடத்தையே மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குள் கொண்டுவந்தது. அவர்களுக்கு வேலையில்லாமல் செய்யவில்லை.

அதற்காக, விலைகூடிய ஹெட்செட் வாங்கித் தந்து, படம் எடுத்து, பிறகு அலுமாரியில் பூட்டிவைக்கும் நன்கொடையையும் நாங்கள் கேட்கவில்லை. அமெரிக்காவின் கிராண்ட் கன்யனைச் சுற்றிப் பார்த்த வேலணைப் பிள்ளைக்குச் சாட்டிக் கிணற்றின் அடி தெரியாவிட்டால் அந்தப் படிப்பால் ஊருக்கு என்ன பயன்?

நாங்கள் கேட்பது பெரிதல்ல. பிள்ளைகள் மாதம் ஒருமுறை உங்கள் கிணற்றின் நீர்மட்டத்தையும் உப்பையும் அளக்க வந்தால் வளவுக்குள் விடுங்கள். அந்த அளவுகளை வைத்தே மாதிரி செய்வோம். வெளிநாட்டில் கணினித் துறையில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளே, வளைவு கட்ட அனுப்பும் காசில் ஒரு பங்கையும் உங்கள் நேரத்தில் சில மணியையும் இதற்குத் தாருங்கள். ஊர்ப் பெயர் எழுதிய வளைவுக்குள்ளால் தண்ணீர் பவுசர் வந்துபோவதில் எங்களுக்கு ஒரு பெருமையும் இல்லை.