ரயரின் வயது

குடாநாட்டு நிலம் தட்டை. வீதிகளும் பெரும்பாலும் நேரானவை. ஆதலால் இங்கோடும் மோட்டார் சைக்கிள்களின் ரயர்கள் நடுவில் மட்டுமே தேய்ந்து சப்பையாகின்றன. உலகப்போர்க்கால விமானத்தளமாயிருந்த கட்டுக்குருந்தைப் பந்தயத்தடத்தில் முதன்முறை ஓடிப்பார்க்க விழையும் எம் இளைஞர் இதனைக் கவனித்தல் வேண்டும். வளைவில் வண்டி சாய்கையில் தரையைப் பற்றுவது நடுவன்று, ஓரமே.

பூவில்லாத பந்தய ரயரை (எமது வீதியில் ஓட்டினால் மொட்டை ரயரென்று பொலிஸார் மறிப்பர்) நாடுவது வீண் என்பேன். புதியவரின் வேகத்தில் அது சூடேறாது, சூடேறாவிடின் வழுக்கும். வீதிக்கான நல்ல ரயரே போதும், புதிதாயிருந்தால். பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 2319 எனில் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத் தயாரிப்பு. ஆண்டுக்கணக்காய்க் கடையில் தொங்கியது மினுங்கினாலும் அதன் ரப்பர் இறுகியிருக்கும். விலை குறைத்துத் தருவார்கள்; வாங்காதீர்கள்.