உளியறிந்து கடைதல்

தமிழாசிரியர்க்கு இரும்புப் பட்டறையில் யாது அலுவல் என அன்பர் சிலர் நகைக்கக்கூடும். எம் மாணாக்கருட் பலர் ஊவாத் தோட்டங்களின் தேயிலைத் தொழிற்சாலைகளிலே பொறிகளைப் பழுதுபார்க்கச் செல்கின்றனர். ஆதலின் அப்பட்டறை பற்றியும் நாம் கவலைகொள்ளல் வேண்டும்.

அவ்வாறு சென்ற பழைய மாணவரொருவரை அண்மையிற் கண்டோம். கொழுந்து உருட்டும் பொறியின் உருக்குத் தண்டொன்றை அவர் பழைய கடைசல் இயந்திரத்திற் பூட்டிக் கடைந்தாராம். தண்டில் நெடுகக் காடி வெட்டியிருந்தது. விலையுயர்ந்த காபைட்டு முனை, சுழலுந்தோறும் காடியின் விளிம்பில் மோதிச் சிதைந்தது. பின்னர் உயர்வேக உருக்கு உளியை மாட்டி, வேகத்தைக் குறைக்க, வேலை இனிது முடிந்தது. ஆயினும் சிதைந்த முனையின் விலை அவர் சம்பளத்திற் பிடிக்கப்பட்டது.

“விலை கூடியதே நல்லதென எண்ணினேன், ஐயா” என்றார்.

அப்பிழையில் எமக்கும் பங்குண்டு. கருவியின் பெயரைக் கற்பித்தோம். அதன் குணத்தைத் தமிழில் விளக்கினோமல்லோம். வெட்டும்போது வெப்பம் பிறக்கும். சாதாரணக் கரியுருக்கு உளி ஏறத்தாழ 250 பாகை செல்சியசிலேயே தளர்ந்துவிடும். அமெரிக்காவின் பெத்லகேம் உருக்காலையில் 1898 முதல் 1900 வரை தெயிலரும் வைற்றும் நடத்திய ஆய்வுகளின் பயனாய் வந்த உயர்வேக உருக்கு, ஏறத்தாழ 600 பாகை வரை தாங்கும். 1920களில் ஜேர்மனியில் தோன்றிய தங்குதன் காபைட்டுக் கருவி அதனினும் மிக்க வெப்பந் தாங்கும்; ஆனால் மோதலைத் தாங்காது. வன்மை வேறு, நொறுங்காமை வேறு.

உளியைத் தேய்க்கும் வார்ப்பிரும்புக்கும், விரைந்த தொடர் வெட்டுக்கும் காபைட்டு ஏற்றது. பித்தளைக்கு உயர்வேக உருக்கே போதும். ஆயின் உளியின் மேல்முகத்தைச் சரிவின்றித் தீட்டவேண்டும். இன்றேல் உளி உள்ளிழுக்கப்பட்டுக் கவ்விக்கொள்ளும். அலுமினியத்தைப் பளபளக்கக் கடையும் வைரமும் உருக்கிடம் தோற்கும்; அவ்வெப்பத்தில் வைரத்தின் கரி இரும்பிற் கரைந்துபோம். வள்ளுவர் தெரிந்து வினையாடலென ஓர் அதிகாரம் வகுத்தது மாந்தரை எண்ணியே. உளிக்கும் அஃது ஒக்கும்.

உயர்தர வகுப்பிலே தொழினுட்பப் பிரிவு 2013 இல் தொடங்கப்பட்டது. நூலறிவோடு கையறிவுஞ் சேர்ந்தாலன்றி அதன் பயன் எம் தோட்டத்துப் பிள்ளைகளை எய்தாது. பழைய மாணவர்காள்! இவ்விழா ஆண்டின் நினைவாக ஒரு மேசை தாருங்கள். ஐந்து உலோகத் துண்டுகளும் மூன்று உளிகளும் அதன்மீதிருக்கட்டும். இன்னதற்கு இன்னது ஏன் என ஒவ்வொன்றின் அருகிலும் நல்ல தமிழில் நாம் எழுதிவைப்போம். அதைப் படித்துச் செல்லும் பிள்ளை, ஏவிய வேலையை மட்டும் செய்யும் உதவியாளாய் நில்லான். ஏற்ற கருவி எதுவெனக் காரணங் காட்டிச் சொல்லும் தொழில் வல்லுநனாய் நிற்பான்.