ஹேண்ட்பிரேக் பார்க்கிங்குக்கு மட்டும்தானா?

சிக்னலில் நான் ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் என் அக்கா மகனுக்குச் சிரிப்பு வந்துவிடும். "மாமா, அது வண்டியை விட்டு இறங்கும்போது போடறது. இங்கே பிரேக்கை மிதிச்சா போதும்" என்பான். அவன் ஒருவன் மட்டும் இப்படிச் சொன்னால் விட்டுவிடலாம். புதுச்சேரியில் கார் ஓட்டுகிற பெரும்பாலோர் நினைப்பு அதுதான். அது தவறு என்பது என் கட்சி. தவறு மட்டுமல்ல, அடுத்தவர் கைகாலுக்கு ஆபத்தும்கூட.

அவன் சட்டத்தையும் துணைக்கு அழைக்கிறான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 126ஆம் பிரிவு. பொது இடத்தில் நிற்கும் வண்டியில் உரிமம் பெற்றவர் ஓட்டுநர் இருக்கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எஞ்சினை நிறுத்தி, பிரேக் போட்டு, வண்டி தானாக நகராதபடி செய்திருக்க வேண்டும். ஆள் உள்ளே இருக்கும்போது ஹேண்ட்பிரேக் போடு என்று அதில் இல்லையாம். ஆயுள் முழுக்க விதிகளைப் படித்துக் கோப்பில் குறிப்பெழுதியவனிடமா இந்த வாதம்? ஆள் இல்லாதபோது என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிற பிரிவு, ஆள் இருக்கும்போது அதைச் செய்யாதே என்று எங்கே சொல்கிறது?

இங்கிலாந்தின் சாலை விதிப் புத்தகம் இதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. நெரிசலில் வரிசையாக நிற்கும்போது ஹேண்ட்பிரேக்கைப் போட்டுக்கொள், பின்னால் வருகிறவர் நின்றதும் கால் பிரேக்கை விட்டுவிடு என்கிறது 114ஆம் விதி. பிரேக்கை மிதித்திருக்கும்வரை எரியும் சிவப்பு விளக்கு பின்னால் இருப்பவர் கண்ணைக் கூசவைக்கக் கூடாது என்பதே காரணம். கண்புரை அறுவை செய்துகொண்ட நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரவில் ராஜீவ் காந்தி சிலை சிக்னலில் முன்னால் நாலு கார் பிரேக்கை மிதித்தபடி நின்றால், எதிரே சிவப்புத் திரை கட்டியதுபோல்தான் இருக்கிறது. பின்னால் வருகிறவர் நிற்கும்வரை அந்த விளக்கு எரியட்டும், அது அவருக்கு எச்சரிக்கை. அதற்குப் பிறகு எதற்கு?

கால் பிரேக் நான்கு சக்கரத்தையும் பிடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கால் அழுத்தியிருக்கும்வரைதான். பின்னாலிருந்து ஒரு வேன் இடித்தால் உடம்பு குலுங்கி, பெடலிலிருந்து கால் எழும்பிவிடும். வண்டி முன்னால் இருப்பவர்மேல் போய் விழும். ஹேண்ட்பிரேக் தனி ஒயரில் பின்சக்கரங்களைப் பிடிப்பது. அதற்கு உங்கள் கால் தேவையில்லை.

இதைவிட மோசம், முதல் கியரைப் போட்டு, கிளட்சை அமுக்கியபடியே தொண்ணூறு விநாடி உட்கார்ந்திருப்பது. வண்டியின் மூக்குக்கு முன்னால் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். இடைவெளியில் நுழைந்த ஸ்கூட்டர், பையைத் தூக்கிக்கொண்டு குறுக்கே ஓடும் பள்ளிப் பிள்ளைகள், பூக்கூடையோடு ஓர் அம்மா. கிளட்சிலிருந்து கால் வழுக்கினால் வண்டி ஒரு துள்ளு துள்ளும். அந்த ஒரு துள்ளல் போதாதா? ஆட்டோமேடிக் வண்டியும் விதிவிலக்கல்ல. 'டி'யில் விட்டுவிட்டுப் பிரேக்கைச் சற்றுத் தளர்த்தினால் அதுவும் ஊரத் தொடங்கிவிடும்.

நான் படித்த பிரெஞ்சில் நியூட்ரலுக்கு 'புவேன் மோர்' என்று பெயர். செத்த புள்ளி என்று அர்த்தம். நிற்கிற வண்டி அப்படிச் செத்துக் கிடக்கட்டும், மேலே ஹேண்ட்பிரேக்கையும் போடுங்கள். முழங்கால் உள்ளவர்கள் நன்றி சொல்வார்கள்.

ஏற்றத்தில் இது இன்னும் முக்கியம். நூறடிச் சாலை மேம்பாலத்தில் ஒருநாள் மாலை நெரிசல். எனக்கு முன்னால் ஒரு மொபெட், அதில் ஒரு வயதான தம்பதி. அவர்களுக்கு முன்னால் நின்ற காரை ஓட்டியவர் பாதிக் கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து வைத்திருந்தார். கருகிய வாசனை எனக்கே வந்தது. திடீரென்று வண்டி ஒரு முழம் பின்னால் உருண்டது. மொபெட் சாய்ந்தது. அந்த அம்மாவுக்கு மணிக்கட்டு முறிவு. காரிலிருந்து இறங்கியவர் கேட்டது, "பெரியவரே, இவ்வளவு ஒட்டியா நிற்கிறது?" சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் தலையாட்டினார்கள்! ஒட்டி நிற்பது நம் ஊர் வழக்கம், நல்ல வழக்கமல்ல. அதற்காக உருளுகிற வண்டியைப் பிடித்து நிறுத்தும் கடமை பின்னால் நிற்பவருடையது ஆகிவிடுமா? ஹேண்ட்பிரேக்கைப் போட்டு நின்று, கிளட்ச் பிடிக்கும் இடம் தெரிந்ததும் இறக்கினால் வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் வராது.

எல்லா நிறுத்தத்துக்கும் போடச் சொல்லவில்லை. ஐந்து விநாடி நின்று பத்தடி ஊருகிற நெரிசலில் கால் பிரேக்கே போதும். சிக்னல் டைமரில் பத்துக்கு மேல் மீதி இருந்தால் நான் ஹேண்ட்பிரேக்கைத் தொடுவேன். ஏ.எஃப்.டி. ரயில் கேட் மூடியிருந்தால் எஞ்சினையே அணைத்துவிடுவேன். (மில்லை மூடிவிட்டார்கள். கேட்தான் இன்னும் மூடி மூடித் திறக்கிறது.)

ஒயர் தளர்ந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். தளர்ந்தால் சர்வீஸில் இறுக்கித் தருவார்கள்; கிளட்ச் பிளேட் மாற்றும் பில்லை ஒருமுறை பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. இறக்க மறந்து ஓட்டிவிட்டால்? அதற்காகத்தான் கண்ணெதிரே ஒரு சிவப்பு விளக்கை எரியவிட்டிருக்கிறார்கள்.

கடைசியாக, பச்சை விழுந்ததும் தாமதமாகும், பின்னால் ஹாரன் அடிப்பார்கள் என்பது. டைமர் மூன்றைக் காட்டும்போது கியரைப் போட்டு வைத்தால் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. அதற்கும் முன்னால் ஹாரன் அடிக்கிறவர், ஹேண்ட்பிரேக்கே இல்லாத வண்டி முன்னால் நின்றாலும் அடிப்பார்.