'தோறும்' என்னும் சொல்லும் 31ஆம் தேதியும்

'மாதந்தோறும் 31ஆம் தேதி' என்றால் மாதக் கடைசி என்றே நாம் பொருள்கொள்கிறோம். மீள்நிகழ்வுகளைக் கணக்கிடும் ஆர்ரூல் என்னும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலகமோ ஆண்டுக்கு 7 நாட்களையே தரும். 31 இல்லாத 5 மாதங்களை ஓசையின்றித் தாண்டிவிடும். இது பிழையன்று. இல்லாத தேதியை விட்டுவிடச் சொல்வது 2009இல் வெளியான ஐகேலண்டர் நெறிமுறையே. கடைசி நாள் வேண்டுவோர் -1 என எழுதவேண்டும். முந்தைய நாளுக்கோ அடுத்த நாளுக்கோ நகர்த்தும் வழியை 2015ஆம் ஆண்டின் நீட்சி சேர்த்தது.

விதி தெளிவானதுதான். ஆனால் கடன் தவணையோ ஊசி மருந்தோ 5 முறை தவறினால் அவதியுறுபவர் விதியை எழுதியவர் அல்லர். 29, 30, 31 என்று ஒருவர் குறித்த உடனே, 'அந்நாள் இல்லாத மாதத்தில் என்ன செய்வது?' எனச் செயலி கேட்டாக வேண்டும். மௌனம் இங்கே சம்மதம் ஆகாது.